பழைய ஹெரால்டு வாங்கும் முன் எதை எந்த வரிசையில் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ மீனாட்சிபுரம் வழியாகவோ பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைப் பார்த்து வருவது எனக்கு வெகுநாள் பழக்கம். எனக்காகப் பார்த்தவை கொஞ்சம். கூட வரச் சொல்லி அழைத்தவர்களுக்காகப் பார்த்தவைதான் அதிகம். புதிதாக வருகிற எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். பானட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சத்தம் கேட்டு, அங்கேயே மனதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இஞ்சின் கெட்டிருந்தால் கோயம்புத்தூரில் சரி செய்துவிடலாம். சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், இல்லாத புஷ்ஷைக் கடைந்து கொடுக்கும் லேத் எல்லாம் நம் வாசலிலேயே இருக்கின்றன. துரு தின்ற சேஸிஸையும் (அடிச்சட்டம்) சிக்கலான ஆர்.சி-யையும் சரி செய்வது பெரும்பாடு. அதனால் காகிதம், எண், சேஸிஸ், சக்கரம் என்று பார்த்து, அதற்கப்புறம்தான் இஞ்சின். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஹெரால்டின் அடித்தளத்திலிருந்து வந்ததுதான். கீழே உள்ள பெரும்பாலான சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

## 1. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், நல்ல டார்ச், தட்டை ஸ்க்ரூடிரைவர், கைக்கண்ணாடி, பழைய பெட்ஷீட், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கட்டை, ஆயில் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், பென்சில், மெல்லிய தாள், ஒரு நோட்டு. கேஜ் இரண்டையும் தெரிந்த மெக்கானிக்கிடம் இரவல் கேட்டால் கொடுப்பார்.

கூட ஒருவர் வர வேண்டும். கிளட்சை ஒருவர் மிதிக்கும்போது இன்னொருவர் பார்க்க வேண்டிய சோதனை உண்டு. வருகிறவர் காரின் மேல் ஆசை இல்லாதவராக இருந்தால் ரொம்ப நல்லது.

காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். முதல் நாளே போன் செய்து, "நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வையுங்க" என்று சொல்லிவிடுங்கள். சூடான இஞ்சின் பல நோய்களை மறைத்துவிடும். மழை நாளில் பாடி பார்க்கக் கூடாது, ஈரத்தில் எல்லா பெயின்ட்டும் பளபளக்கும். மழையில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: உள்ளே தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பது. அதற்குத் தனியாக ஒரு நாள் போகலாம்.

## 2. போனிலேயே முடிக்க வேண்டிய காகித விசாரணை

பெட்ரோல் போட்டுக் கிளம்பும் முன் ஆர்.சி-யின் இரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை நான்கு.

ஆர்.சி-யில் இருக்கும் பெயர் விற்கிறவருடையதுதானா? பழைய காரில் பாதிக்குப் பாதி அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும். உரிமையாளர் காலமாகிவிட்டார் என்றால், வாரிசுகளில் ஒருவர் பெயருக்கு ஃபார்ம் 31 கொடுத்து மாற்றிய பிறகே உங்களுக்கு விற்க முடியும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். என் முதல் ஹெரால்டில் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து வீடு, மரியாதையான மனிதர்கள். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். கார் அவர்களுடைய அப்பா பெயரில் இருந்தது, வாரிசுகளில் ஒருவர் வளைகுடாவில். அவர் கையெழுத்துப் போட ஊருக்கு வரும்வரை பதினான்கு மாதம் வண்டி என் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் நின்றது. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. பணம் கொடுக்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி அது.

பதிவு உயிரோடு இருக்கிறதா? சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம், அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போன ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் தாமதக் கட்டணம். 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025இல் 10,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். புதுப்பிக்காத வண்டி என்றால், அதைப் புதுப்பித்துக் கொடுப்பது விற்கிறவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அரசின் பரிவாஹன் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் வண்டி வருகிறதா? புத்தக ஆர்.சி காலத்து வண்டிகள் பல கணினியில் ஏறாமலே இருக்கின்றன. அப்படியானால் பதிவு செய்த ஆர்.டி.ஓ ஆபீஸில் பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து பேக்லாக் என்ட்ரி போட வேண்டும். அது முடியாமல் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய தடையில்லாச் சான்றான என்.ஓ.சி-யும் வராது, பெயர் மாற்றமும் நடக்காது.

கடைசியாக, கடந்த இருபது வருஷம் வண்டி எங்கே நின்றது? கேஎல் 09 என்றால் பாலக்காட்டுப் பதிவு, அதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மழை குறைச்சல், அங்கேயே நின்ற வண்டி பெரும்பாலும் தப்பித்திருக்கும். பொன்னானி, சாவக்காடு, கொடுங்கல்லூர் என்று கடலோரம் சில வருஷம் நின்றிருந்தால் உப்புக்காற்று அடியில் வேலை செய்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடமோ டீக்கடையிலோ கேட்டால் உண்மை கிடைக்கும்.

## 3. எண்களைத் தாளில் எடுத்தல்

இஞ்சின் எண் பிளாக்கின் இடது பக்கம் பொறித்திருக்கும். இஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பான பல்க்ஹெட்டில் மாட்டிய தகட்டில் வண்டியின் எண் இருக்கும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். கண்ணால் பார்த்து எழுதினால் 3-ம் 8-ம் மாறிப்போகும். அந்தத் தப்பு ஆர்.டி.ஓ ஆபீஸில் இன்ஸ்பெக்டர் முன்னால்தான் தெரியவரும்.

ஹெரால்டில் வேறு கார் இஞ்சின் மாட்டி ஓட்டியவர்கள் நிறையப் பேர். மாற்றிய இஞ்சின் எண் ஆர்.சி-யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் வண்டி எவ்வளவு அழகாக ஓடினாலும் காகிதத்தில் அது வேறு வண்டி.

ஓப்பன் கார் என்று விற்பதாக இருந்தால் இன்னும் ஒரு படி கவனம். நாலு கதவு மார்க் 3-இன் கூரையை அறுத்து, துணிக் கூரை போட்டு விற்கிறார்கள். ஆர்.சி-யில் பாடி வகை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். அறுத்த வண்டிக்கு எல்லையின் இந்தப் பக்கம் புதுப் பதிவு கேட்டு நிற்பது வீண் அலைச்சல்.

## 4. பத்தடி தள்ளி நின்று பார்த்தல்

கிட்டே போகாதீர்கள். சமதரையில் நிறுத்தச் சொல்லி முன்னால், பின்னால், பக்கவாட்டில் சும்மா நின்று பாருங்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறதா என்பது தூரத்தில்தான் தெரியும்.

பிறகு கதவு இடுக்கு. கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு இருக்க வேண்டும். மேலே விரல் நுழைந்து, கீழே தாள்கூட நுழையாவிட்டால், நடுவில் வண்டி வளைகிறது என்று அர்த்தம். கூரை இல்லாத வண்டியில் இதை மறைக்க வழியே இல்லை. கதவைத் திறந்து, மெதுவாக மூடிப் பாருங்கள். தூக்கிப் பிடித்து அறைந்தால்தான் மூடும் என்றால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

காந்தத்தை மட்கார்டு வளைவு, கதவின் அடி, டிக்கி ஓரம், முன் பானட்டின் கீழ் விளிம்பு என்று ஓட்டுங்கள். துணி சுற்றியிருப்பதால் பெயின்ட் கீறாது. ஒட்டாத இடம் பட்டி. ஒரு கையகலப் பட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஐம்பது வருஷ வண்டியில் அது இல்லாமல் இருக்காது. ஒரு முழம் நீளத்துக்குப் பட்டி என்றால் உள்ளே தகடே இல்லை.

## 5. அடியில் படுத்தல்

நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

ஹெரால்டில் பாடி வேறு, சேஸிஸ் வேறு. முதுகெலும்பு மாதிரி நடுவே இரண்டு ரெயில் ஓடும். அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி கைகள் நீளும். பாடியைத் தாங்குவது அந்தக் கைகள்தான், இங்கிலீஷ்காரர்கள் அவுட்ரிகர் என்பார்கள். நடு ரெயில் லேசில் துருப்பிடிக்காது, இஞ்சினிலிருந்து ஒழுகுகிற ஆயிலே அதைப் பாதி காப்பாற்றும். முதலில் போவது கைகள். சக்கரம் வாரி அடிக்கிற சேறு அங்கேதான் போய் உட்காரும், ஒருமுறை ஈரமானால் உள்பக்கம் காயாது.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பிறகுதான் உள்ளே போக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள்.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். உளுத்த தகடு 'தொப்' என்று சத்தத்தை விழுங்கும். சந்தேகம் வந்த இடத்தில் முனையால் அழுத்த வேண்டும், குத்த வேண்டாம். உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்று தடுத்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

தவறவிடக் கூடாத இடங்கள்: முன் பல்க்ஹெட்டைத் தாங்கும் கைகள், கதவுக்குக் கீழே ஓடும் பக்க ரெயில், டிக்கியைத் தாங்கும் பின் கைகள், பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைச் சேஸிஸோடு பிடிக்கும் இடம், முன் ஸ்பிரிங் கோபுரம் உட்காரும் இடம். கைக்கண்ணாடியை மேலே பிடித்து, கைகளின் மேல்பக்கத்தையும் பாருங்கள். கீழே புதுத் தகடு போட்டுவிட்டு மேலே பழைய ஓட்டையை அப்படியே விடுவது வழக்கம்.

பானட்டைத் திறந்தால் பல்க்ஹெட்டின் நடுவில் பேட்டரி உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கிப் பார்க்காமல் வராதீர்கள். ஆசிட் ஒழுகி, தட்டைத் தின்று, உள்ளே கால் வைக்கும் ஃப்ளோர்வரை இறங்கியிருக்கும்.

புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்த அடிப்பாகத்தைக் கண்டால் இரட்டைக் கவனம் தேவை. கொழிஞ்சாம்பாறையில் ஒரு வெள்ளை ஹெரால்டு பார்த்தேன். தாரைக் கொட்டினதுபோல அடியெல்லாம் கறுப்பு. சேஸிஸின் இடது முன் கையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பூச்சு அப்பளம் மாதிரி உடைந்து முகத்தில் விழுந்தது. உள்ளே ஃபைபர் துணி, அதற்குள் சிமென்ட். தகடு என்று ஒன்று இல்லை. வெளியே வந்து உரிமையாளரிடம் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே நேரம் ஆனது. "சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க அண்ணா, போன வருஷம் சாவக்காட்டுல எடுத்தப்பவே இப்படித்தான் கறுப்பா இருந்துச்சு" என்றார். நான் நம்பினேன். தெரியாமல் வாங்கி, தெரியாமலே விற்கும் சங்கிலியில் அவர் ஒரு கண்ணி.

கையை மாற்ற முடியாதா என்றால், முடியும். நல்ல வெல்டர் இருந்தால் புதுத் தகட்டில் செய்து வைக்கலாம். பாடியைக் கழற்றாமலும் செய்யலாம், ஆனால் அவசரப்படக் கூடாது. கதவு இடுக்கை அளந்து, பாடி அசையாமல் குறுக்குக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டு செய்து, ஒவ்வொரு கையாகத்தான் மாற்ற வேண்டும். எல்லாக் கைகளையும் ஒரே நாளில் அறுத்துப் போட்ட ஒரு பட்டறையில், அந்த வண்டியின் கதவு அப்புறம் ஒருநாளும் மூடவில்லை. இரண்டு கை போயிருந்தால் விலையில் பேசலாம். நடு ரெயிலில் முனை இறங்கினால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

## 6. முன் சக்கரம்: கிரீஸ் செய்யும் கொலை

முன் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கும் சோதனை எல்லாக் காருக்கும் பொது. ஹெரால்டில் அதற்குத் தனி முக்கியத்துவம் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, ட்ரன்னியன் என்ற பித்தளைக் கூட்டுக்குள் மரையாக இறங்கியிருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். அதற்கு 90 கியர் ஆயில் ஊற்ற வேண்டும். நம் சர்வீஸ் ஸ்டேஷன்களில் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே கட்டிக்கொள்ளும். அடியில் ஈரம் சேரும், தண்டு துருப்பிடித்து ஒருநாள் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் படுத்துவிடும்.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாக இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். 'லொடக்' என்றால் ட்ரன்னியனா, வீல் பேரிங்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கூட வந்தவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் ட்ரன்னியன் அல்லது மேல் பால் ஜாயின்ட். உரிமையாளரிடம், "இதுல என்ன போடுறீங்க?" என்று மட்டும் கேளுங்கள். "ஆயில்" என்று யோசிக்காமல் சொல்கிறவரின் வண்டி மீதி இடங்களிலும் நன்றாகவே இருக்கும், இதுவரை பொய்த்ததில்லை.

## 7. பின் சக்கரம்

பின்னால் ஒரே ஒரு குறுக்குப் பட்டை ஸ்பிரிங், டிஃபரன்ஷியலுக்கு மேல் உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் தாங்குகிறது. அது களைத்துவிட்டால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து, கால் வெளியே விரியும். பின்னால் நின்று பார்த்தாலே தெரியும்.

புதியவர்கள் செய்யும் தவறு, ஜாக்கியிலிருந்து இறக்கின உடனே பார்ப்பது. அப்போது சக்கரம் அடிப்பக்கம் மடங்கி, ஸ்பிரிங் புதுசு போலத் தெரியும். வண்டியை நாலைந்து மீட்டர் தள்ளி உருட்டிவிட்டு அப்புறம் பாருங்கள்.

இரண்டு பக்கத்து அச்சிலும் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது. கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள். ஆட்டம் இருந்தால் செலவு சிறிதுதான், கணக்கில் எழுதுங்கள்.

## 8. இப்போது இஞ்சின்

முதலில் ஸ்டார்ட் செய்யாமல். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் கட்டினதுபோல வெளுப்பாக இருந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

அடுத்து இந்த இஞ்சினுக்கே உரிய சோதனை. ஹெரால்டின் பானட் முழுதாக முன்னால் சாயும், முன் டயரின் மேல் உட்கார்ந்து பார்க்கலாம். கூட வந்தவரைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். இஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியையே பார்த்துக்கொண்டிருங்கள். அது முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. சரியான அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது, அது கண்ணுக்குப் பிடிபடாது. வாஷர் கீழே விழுந்து ஓடிய வண்டியில் கிராங்கும் பிளாக்கும் ஒன்றையொன்று தின்றிருக்கும். இரண்டு நிமிஷ வேலை, ஆனால் இதைச் செய்து பார்த்த தரகர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

இப்போது ஸ்டார்ட். சோக்கை இழுத்து, குளிர்ந்த இஞ்சின் எடுக்கும்போது ஒருவர் சைலென்சர் பக்கம் நிற்க வேண்டும். முதலில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து நின்றால் ஒன்றுமில்லை. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. எடுத்ததும் மட்டும் வந்தால் வால்வு பக்கம், ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போதெல்லாம் வந்தால் ரிங், பிஸ்டன். சூடேறிய பிறகு ஆயில் பிரஷரை கேஜ் மாட்டிப் பாருங்கள், டேஷ்போர்டு விளக்கை நம்ப வேண்டாம். 2,000 ஆர்.பி.எம்-இல் 40 பவுண்டுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தொங்கினால் காரணம் தேட வேண்டும்.

ஈயம் இல்லாத பெட்ரோல்தான் 2000-த்திலிருந்து கிடைக்கிறது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். போடாவிட்டாலும் நிதானமாக ஓட்டுகிறவருக்கு அவசரமில்லை, அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது போட்டுக்கொள்ளலாம்.

## 9. பிரேக்

நிற்கும் வண்டியில் பெடலை அழுத்தி அரை நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. அந்தக் காலத்து வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போகும். ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்து வெடிப்பு இருந்தால், ஓட்டிப் பார்க்கும் எண்ணத்தையே விடுங்கள்.

## 10. ஓட்டிப் பார்த்தல்

இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஊருக்குள் ஒரு சுற்று போதாது, அரை மணி நேரமாவது வேண்டும். நெம்மாறை பக்கம் என்றால் போத்துண்டி அணை தாண்டி மேட்டில் ஏற்றுங்கள். நம் பக்கம் என்றால் ஆழியாறு தாண்டி முதல் சில கொண்டை ஊசி வளைவுகள் போதும். அடைத்த ரேடியேட்டர் சமவெளியில் மாட்டாது, மேட்டில் பத்து நிமிஷத்தில் மாட்டிவிடும்.

முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, ஓடும்போது போட்டால் கரகரக்கும், அது குறையல்ல. இரண்டாவது கியர் கரகரத்தால் குறை. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது கியரில் வாருங்கள், கியர் தானாகக் கழன்று வந்தால் பாக்ஸைத் திறக்க வேண்டும். பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியல். ஒலி லேசாக இருந்தால் வருஷக்கணக்கில் ஓடும்.

வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விடாதீர்கள். இந்தப் பின் அச்சின் அமைப்பில் அப்படிச் செய்தால் உள் மடங்கிய சக்கரம் வண்டியின் வாலைத் தூக்கிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் மெல்ல மிதித்துக்கொண்டே வர வேண்டும்.

## 11. சின்னவை

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் மாட்டியிருக்கும். தெரியாமல் சார்ஜரோ ஸ்டீரியோவோ மாட்டினால் கருகிவிடும். டேப் சுற்றிய வயர் இணைப்புகளை எண்ணுங்கள், பத்துக்கு மேல் போனால் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டியதுதான்.

டேங்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். இப்போது பம்பில் வருவது எத்தனால் கலந்த இ-20, அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். பெட்ரோல் ஹோஸும் பம்ப்பின் டயஃப்ரமும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டயர் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3512 என்றால் 2012-ஆம் வருஷம் 35-வது வாரம் செய்தது, அதில் ஓட்டக் கூடாது. முன் கண்ணாடியில் கீறல் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள், கிடைப்பது சிரமம். சீட்டும் மேல்துணியும் எவ்வளவு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளூர் டைலரிடம் முடிந்துவிடும்.

## 12. விலை பேசுதல்

அன்றைக்கே பேச வேண்டாம். நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குறைக்கும் எதிரில் மெக்கானிக், வெல்டர் சொல்லும் தொகையை எழுதுங்கள். மூன்றாம் நாள் போன் செய்து, அந்தப் பட்டியலை அப்படியே வாசித்துக் காட்டிப் பேசினால் விற்கிறவருக்கும் மனத்தாங்கல் வராது.

அட்வான்ஸ் சின்னத் தொகை போதும். முத்திரைத்தாளில் என்.ஓ.சி யார் பொறுப்பு, எத்தனை நாளில், வராவிட்டால் பணம் திரும்ப என்று மூன்று வரி எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் என்.ஓ.சி கைக்கு வந்த பிறகு.

## 13. எல்லை தாண்டிக் கொண்டு வருதல்

விற்கிறவர் பாலக்காட்டிலோ, வண்டி பதிவான வேறு கேரள ஆர்.டி.ஓ ஆபீஸிலோ ஃபார்ம் 28 கொடுத்து என்.ஓ.சி வாங்க வேண்டும். வரிப் பாக்கி, அபராதப் பாக்கி இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பழைய வங்கிக் கடன் ஆர்.சி-யில் எழுதியிருந்தால் ஃபார்ம் 35 வேண்டும். கூடவே ஃபார்ம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள், மறுபடி அந்த ஊருக்கு அலைய வேண்டாம். பிறகு பொள்ளாச்சி டிஎன் 41-இலோ உங்கள் ஊர் ஆபீஸிலோ ஃபார்ம் 27 கொடுத்து, தமிழ்நாட்டு வரி கட்டி, புது எண் வாங்க வேண்டும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க அனுமதி இல்லை.

ஹெரால்டு இந்தியாவில் 1961 முதல் 1971 வரை வந்த வண்டி, எல்லாமே 50 வயதைத் தாண்டியவை. அதனால் சிலர் 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதியில் பதிந்துகொள்ளச் சொல்வார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், எண்ணில் 'விஏ' என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு ஆழியாறு போய்வர வேண்டும் என்றால் சாதாரணப் பதிவைக் கைவிடாதீர்கள். சேஸிஸ், பாடி, இஞ்சின் மாற்றிய வண்டிக்கு விண்டேஜ் பதிவும் கிடைக்காது.

வாங்கின அன்றே ஓட்டிக்கொண்டு வரும் ஆசையை அடக்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். ஷெட்டில் இறக்கியதும் முதல் வேலையாக இரண்டு ட்ரன்னியன் நிப்பிளையும் கழற்றி, உள்ளே இருக்கும் கெட்டியான கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து, அடியில் புது ஆயில் கசிந்து வரும்வரை 90 ஆயிலை அழுத்துங்கள். அடுத்தது நான்கு பிரேக் ஹோஸ். அதற்கப்புறம் சாவியைப் போடலாம்.